ஊருணியில் யார் குடித்தார்கள்? – கண்மாய், ஊருணி, டேங்க் ஆகிய சொற்களைப் பற்றிச் சில குறிப்புகள்

1

சில வருஷங்களுக்கு முன் சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நீர்நிலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் பேசினேன். கண்மாய்கள் தூர்ந்துபோனதையும் ஊருணிகள் குப்பைமேடு ஆனதையும் சொல்லிவிட்டு, நம் முன்னோர் ஒவ்வொரு நீர்நிலைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள், ஊர் முழுக்க உண்பதற்கான நீர் என்பதால்தான் அதை 'ஊருணி' என்றார்கள், அந்தப் பெயருக்குள்ளேயே பொதுமை இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது காலனியிலிருந்து வந்திருந்த வயதான அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, நீங்க சொன்ன ஊருணியில எங்க ஆத்தா ஒரு நாளும் கொடத்த முக்குனதில்ல. கரைக்கு இந்தப் பக்கம் கொடத்த வச்சுட்டு நிப்போம். யாராச்சும் மனசு வந்து ஊத்துனா உண்டு. இல்லைன்னா கம்மாய்க்குள்ள ஊத்துத் தோண்டித்தான் குடிச்சோம்" என்றார்.

"அந்த ஊத்துக்கு என்ன பேரும்மா?" என்று கேட்டேன். பெயர்களைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிய தோரணை இன்னும் போயிருக்கவில்லை.

"தோண்டுன குழிக்குப் பேரு எங்கிட்டு இருக்கு? மழை பேஞ்சா மூடிக்கிரும். மறு வருஷம் வேற எடத்துல தோண்டுவோம்."

நான் பிறந்தது ஊருணிக் கரைக்கு அந்தப் பக்கத்தில். எங்கள் வீட்டுக் குடங்கள் தடையில்லாமல் முங்கிய ஊருணியைத்தான் மேடையேறிப் 'பொது' என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தப் பேச்சைத் திருத்திக்கொள்ளும் முயற்சி. சுற்றுச்சூழல் பேசுகிற நம்மில் பலருக்கும் இதே பேச்சுப் பழக்கம் இருப்பதால், இது என் சொந்தக் கணக்குத் தீர்ப்பாக மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன்.

2

முதலில் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு எல்லாம் ஒரே தண்ணீர்ப் பரப்புதான். கரையில் வாழ்கிறவர்களுக்கு அப்படியில்லை.

கண்மாய் பாசனத்துக்கானது. பேச்சில் 'கம்மா'. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், புதுக்கோட்டைப் பக்கங்களில் இதுதான் வழக்கு. மேட்டிலிருந்து வரும் நீரை வரத்துக்கால் கொண்டுவந்து சேர்க்கும். சரிவுக்குக் குறுக்கே போட்ட நீண்ட மண்கரை அதை மறிக்கும். கரையில் மடை, மடைக்குக் கீழே ஆயக்கட்டு. மிஞ்சிய நீர் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். எனவே கண்மாய் என்பது ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி. மேலே இருக்கிற ஊர் கலுங்கை ஒரு முழம் உயர்த்தினால் கீழே இருக்கிற ஊரின் வயல் காயும்.

இதே அமைப்புக்குக் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம் பக்கம் ஏரி என்று பெயர். திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும் குளம். ஈழத்து வன்னியிலும் பாசன நீர்நிலை குளம்தான். ஆனால் தஞ்சாவூர்க்காரரிடம் குளம் என்று சொன்னால் குளிக்கிற, துவைக்கிற குளத்தை, அல்லது கோயில் குளத்தைத்தான் நினைப்பார். அவருடைய வயலுக்கு நீர் ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக வருகிறது. ஆகவே 'குளம்' என்ற சொல்லுக்கு ஒரே பொருளை எழுதி வைக்கிற அகராதி எதுவானாலும் ஏதோ ஒரு சீமையின் வழக்கைத் தமிழின் வழக்காக்கிவிடுகிறது. ஏந்தலும் தாங்கலும் சிறியவை. ஏந்தல் தெற்கே அதிகம், தாங்கல் வடக்கே. வேடந்தாங்கலைப் பறவைகளுக்காக அறிந்தவர்கள் பலர். அந்தப் பெயரின் பின்பாதி ஒரு நீர்நிலை என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.

ஊருணி குடிப்பதற்கானது. ஊர் உண்ணும் நீர். அதற்கு மடை கிடையாது, ஆயக்கட்டு கிடையாது. ஊரை ஒட்டியோ ஊருக்கு நடுவிலோ இருக்கும். பல இடங்களில் சுற்றிலும் சுவர், இறங்கப் படித்துறை. குளிக்கக்கூடாது, துவைக்கக்கூடாது, மாடு இறங்கக்கூடாது, செருப்புக்காலோடு போகக்கூடாது. கால்கழுவுவதற்கும் துணிக்கும் மாட்டுக்கும் வேறு குட்டை, வேறு குளம். கடலோரத்திலும் உவர்நிலத்திலும் கிணறு வெட்டினால் உப்புத்தண்ணீர் வரும் ராமநாதபுரம் போன்ற சீமையில், வருஷம் முழுக்க நல்ல தண்ணீர் என்றால் அது ஊருணியில் தேங்கிய மழைதான். பல ஊர்களில் கண்மாயிலிருந்து ஒரு சின்னக் கால் வெட்டி ஊருணியை நிரப்பினார்கள்.

பொய்கை, வாவி, தடாகம், இலஞ்சி, கயம் என்று இன்னொரு வரிசை இருக்கிறது. இவை பெரும்பாலும் செய்யுளில் வாழ்கின்றன. நிகண்டுகள் நீர்நிலைப் பெயர்களையெல்லாம் ஒரே சூத்திரத்தில் கட்டி வைத்தன. செய்யுள் எழுதுகிறவனுக்கு அது வசதி, எந்தப் பெயர் எதுகைக்குப் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏரியின் பேரில் வரி கட்டுகிறவனுக்கோ ஊருணியில் குடம் முக்க முடியாதவளுக்கோ இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. ஆக, இந்தச் சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பெரியது சிறியது என்ற அளவில் தேடினால் கிடைக்காது. எதற்கான நீர், யாருக்கான நீர் என்று கேட்டால்தான் கிடைக்கிறது. 'எதற்கான' என்ற பாதியை அகராதிகள் ஓரளவு சொல்கின்றன. 'யாருக்கான' என்ற பாதியைச் சொல்வதில்லை.

3

கண்மாய்க்கும் ஊருணிக்கும் உள்ள வேறுபாடு பாசனம், குடிநீர் என்பதோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும். கண்மாயின் மடையைத் திறந்தது யார் கை?

தமிழகத்தின் பல பகுதிகளில் மடை திறப்பது, அடைப்பது, வயலுக்கு வயல் நீர் பாய்ச்சுவது, வெள்ளத்தில் கரையை இரவு முழுக்கக் காவல் காப்பது ஆகிய வேலைகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன், கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். அறுவடையில் களத்தில் அளந்து கொடுக்கிற நெல்தான் கூலி. உடைப்பெடுத்த மடையை அடைக்க நீருக்குள் மூழ்கியவர்கள் அவர்கள். அவர்கள் உடம்பு முழுக்க நனைந்த நீர்தான் வயலுக்குப் போய் நெல்லாகி எல்லார் வீட்டுப் பானையிலும் சோறானது. அந்த நீருக்குத் தீட்டு இல்லை. கண்மாயிலிருந்து ஊருணிக்குப் போகிற காலைத் தூர்வாரி, அடைப்பை எடுத்து நீரை விட்டதும் பல ஊர்களில் அதே கைதான். அந்த நீர் ஊருணிக்குள் போய் விழுந்ததும் அதே கை அதைத் தொடக்கூடாது.

ஒரே மழை, ஒரே கண்மாய், ஒரே கை. இடையில் நீரில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. சொல் மட்டும்தான் மாறியிருக்கிறது, கண்மாய்த் தண்ணீர் ஊருணித் தண்ணீர் ஆகியிருக்கிறது. தீட்டு நீரில் இருக்கிறது என்று சொன்னவர்கள் கண்மாயைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். உழைப்பு தேவைப்படுகிற இடத்தில் தொடுகைக்கு அனுமதி இருந்தது. உழைப்பு முடிந்து நுகர்வு தொடங்குகிற இடத்தில் அந்த அனுமதி ரத்தானது. கண்மாய் என்ற சொல்லுக்கும் ஊருணி என்ற சொல்லுக்கும் நடுவே ஓடுகிற கோடு, உழைக்கிற கையையும் குடிக்கிற வாயையும் பிரித்த கோடு. இதுதான் அந்த அம்மா எனக்குச் சொன்னது. அவர் இத்தனை வார்த்தையில் சொல்லவில்லை.

கண்மாயில் எல்லாம் சமமாக இருந்தது என்று இதற்குப் பொருளல்ல. முதல் மடை யாருக்கு, கடைமடை யாருக்கு, மீன் ஏலம் யாருக்கு, மடை திறக்கிற நாளில் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பதெல்லாம் சாதியின்படிதான் நடந்தது. நீரைக் கையாண்டவனுக்கு அந்த நீர் பாயும் நிலம் பெரும்பாலும் சொந்தமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'மடையன்' என்கிற வசை, மடை திறந்தவனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்று நம் மேடைகளில் சொல்வதுண்டு. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மடம், மடமை என்ற அறியாமைச் சொல் மிகப் பழையது, வசை அதிலிருந்து பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சமையற்காரருக்கும் மடையர் என்ற பெயர் உண்டு. மடைப்பள்ளியில் அது இன்னும் இருக்கிறது. வலுவான நியாயம் இருக்கிற இடத்தில் பலவீனமான சொற்பிறப்பை ஊன்றுகோலாக எடுத்துக்கொண்டால், எதிராளி அந்தக் கோலைத் தட்டிவிட்டுப் போய்விடுவான்.

4

ஊருணியில் இருக்கிற 'ஊர்' எது? இதைக் கேட்காமல்தான் நான் மேடையில் பேசியிருந்தேன்.

தெற்கத்திக் கிராமத்தில் இன்றும் 'ஊருக்குள்ள போய்ட்டு வாரேன்' என்று காலனிக்காரர் சொல்வதைக் கேட்கலாம். அவர் நிற்கிற இடம் ஊர் இல்லை. அது சேரி, குடி, தெரு, பிறகு வந்த பெயரில் காலனி. ரெவின்யூ கிராமத்தின் எல்லைக்குள் இரண்டும் இருக்கும். ஆனால் 'ஊர்' என்ற சொல்லுக்குள் இரண்டும் இல்லை. 'ஊர்க்கூட்டம்', 'ஊர் வரி', 'ஊர்க் கட்டுப்பாடு' எல்லாமே இந்தப் பொருளில்தான். அப்படியானால் ஊருணியும் இந்தப் பொருளில்தான் ஊருணி.

இந்தப் பிரிவு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நிலக்கணக்கைச் சொல்லி, வரியிலிருந்து நீக்க வேண்டிய இடங்களை அவை பட்டியலிடுகின்றன. அந்தப் பட்டியலில் ஊர்நத்தம் தனியாகவும் பறைச்சேரி தனியாகவும் வருகின்றன. கம்மாணச்சேரி வருகிறது. 'தீண்டாச்சேரி' என்ற சொல்லே வருகிறது. வெள்ளான் சுடுகாடு வேறு, பறைச்சுடுகாடு வேறு. குளங்களும் வாய்க்கால்களும் அதே பட்டியலில் இருக்கின்றன. வரி போடாத இடங்களைக் கணக்கெடுக்கப் போன அதிகாரிக்கு ஊரும் சேரியும் இரண்டு இடங்கள் என்பது சாதாரணத் தகவல்.

நம் கூட்டங்களில் தவறாமல் வருகிற இன்னொரு சான்று உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்கின்றன. குடவோலை முறையில் 6 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள். நீர்நிலையைக் கவனிக்க ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு குழு இருந்தது என்பது உண்மை. அந்த ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கான தகுதிகளையும் அதே கல்வெட்டு சொல்கிறது. வரி கட்டுகிற கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அது ஒரு பிரம்மதேயத்தின் சபை. ஏரியில் மண் சுமந்தவன் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்க முடியாது. கிராம ஜனநாயகத்துக்கு உத்திரமேரூரைச் சான்று காட்டுகிறவர்கள் கல்வெட்டின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் ஊருணி வருகிறது. உலகுக்கு உதவுகிற அறிவுடையவனின் செல்வத்துக்கு நீர் நிறைந்த ஊருணி உவமை. இந்த உவமை வேலை செய்ய வேண்டுமானால் ஊருணி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். குறள் சொல்கிற ஊருணியை நான் மறுக்கவில்லை. அது ஒரு கோரிக்கை என்றால் ஏற்கிறேன். நடந்த வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

5

இனி 'டேங்க்'.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஏரி, கண்மாய், குளம், ஊருணி, தெப்பக்குளம் எல்லாவற்றையும் இந்த ஒரு சொல்லால் குறித்தார்கள். சொல்லின் பிறப்புக்கு இரண்டு வழி காட்டுகிறார்கள். ஒன்று, நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் குஜராத்திச் சொல். மற்றது, தேங்கிய நீரைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல். இரண்டும் கலந்திருக்கலாம். எப்படியானாலும் தமிழ்நாட்டின் மண்கரை அமைப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு சொல் அரசாங்கத்தின் சொல்லானது.

கம்பெனிக்கு வேண்டியிருந்தது வருவாய். எந்த நீர்நிலைக்குக் கீழே எத்தனை ஏக்கர் நஞ்சை, அதற்கு எவ்வளவு தீர்வை என்பதுதான் கேள்வி. எனவே பதிவேட்டில் ஆயக்கட்டு உள்ள நீர்நிலை முக்கியமானது, ஆயக்கட்டு இல்லாத ஊருணி முக்கியமற்றது. 1803இல் ராமநாதபுரமும் சிவகங்கையும் நிரந்தர ஜமீன்களாக்கப்பட்டபோது கண்மாய்களும் ஜமீன் சொத்தாயின. 1858இல் வந்த கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடைந்தால் வேலைக்கு வராதவரைத் தண்டிக்க வழி செய்தது. 'குடிமராமத்து' என்று இன்று நாம் உருகிப் பேசுகிற வழக்கத்துக்கு அரசு கொடுத்த சட்ட வடிவங்களில் அதுவும் ஒன்று. மராமத்து என்பதே அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கிச் சென்னை மாகாணத்து ஏரிகளை அளந்து வரைபடம் போட்டார்கள். 1948இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தபின் 'முன்னாள் ஜமீன் கண்மாய்' என்று தனி வகை ஒன்று பதிவேட்டில் சேர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் வகைப்பாட்டின் அடிப்படை மாறவில்லை. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் 2021 வரை பொதுப்பணித் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அளவுகோல் அதே ஆயக்கட்டுதான். ஊருணி இந்த அளவுகோலுக்குள் வராது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்காகத் தமிழக அரசு 2007இல் கொண்டுவந்த சட்டமும் அப்போதைய பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த நீர்நிலைகளுக்கான சட்டம். அந்தப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நின்றவை எத்தனை ஆயிரம் ஊருணிகள், குட்டைகள்! அந்த அம்மா சொன்ன ஊத்தோ எந்தப் பதிவேட்டிலும் எந்தச் சர்வே எண்ணிலும் இல்லை. கண்மாயைச் சவுட்டு மண்ணுக்காக இருபதடி ஆழத்துக்குத் தோண்டி எடுக்கும்போது அழிவது ஏரிப் புறம்போக்கு மட்டுமில்லை, பெயரில்லாத அந்த ஊத்தும் அழிகிறது. அதற்கு யாரும் மனுக் கொடுக்க முடியாது. மனுவில் எழுத ஒரு பெயர் வேண்டுமே.

ஆயக்கட்டு போய்விட்டால் ஏரி என்ன ஆகும் என்பதற்குச் சென்னை உதாரணம். மாம்பலத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920களில் அதைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரி இல்லை. மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஊருணியை உவமையாகச் சொன்ன புலவருக்கு ஏரிக்குள் மண்டபம்! பாசனம் செய்ய வயல் இல்லாத ஏரி, அரசின் கண்ணுக்கு வெறும் காலி நிலம். பிறகு வெள்ளம் வந்து 'ஏரியை மீட்போம்' என்று புறப்படுகிறபோது முதலில் இடிபடுவது ஏரிக்கரைக் குடிசைகள். ஏரிக்குள் இருக்கிற கட்டடங்கள் பல அப்படியே நிற்கின்றன.

6

இவ்வளவு சொன்னபிறகு, 'டேங்க்' என்ற சொல் நம் சொற்களின் நுட்பத்தையெல்லாம் தட்டையாக்கி அழித்துவிட்டது என்று முடிப்பதுதான் வழக்கம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் தட்டையாக்கியதால் ஒரு நன்மையும் நடந்தது. அதை நன்மை என்று உணர்ந்தவர்கள் கரைக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள்.

1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பொது அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்துவதற்குத் தடை சொல்லக்கூடாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு அது அரசாணையாக வெளிவந்தது. அந்த ஆங்கிலத் தீர்மானத்தில் இருந்த சொல் 'டேங்க்'தான். அந்தச் சொல்லுக்கு ஊருணி, கண்மாய் என்ற பேதம் தெரியாது. 'ஊர்' என்ற முன்னொட்டும் அதில் இல்லை. பொது என்றால் பொது. வெட்டிய ராஜா யார், குடிக்கிற வழக்கம் யாருடையது, எந்தத் தெருவை ஒட்டி இருக்கிறது என்ற எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லாததே அதன் பலமாக இருந்தது.

இது நம் மாகாணத்தில் மட்டும் நடந்ததில்லை. பம்பாய் சட்டமன்றம் 1923இல் இதேபோல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன் துணையோடுதான் 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் சவதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். சாதி இந்துக்கள் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். பிறகு நீதிமன்றத்துக்குப் போய், அது பொதுக்குளமே அல்ல, தனியார் குளம் என்று வாதாடினார்கள். 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த வாதத்தை இறுதியாக நிராகரித்தது. பத்து வருஷ வழக்கு ஒரு சொல்லைப் பற்றியது. அந்த நீரைப் பொது என்று சொல்லலாமா கூடாதா?

சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜா முயற்சியால் 1938இல் சமூக இயலாமைகள் நீக்கச் சட்டம் வந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பயன்படுத்தும் நீரை மாசுபடுத்துவது தனிக் குற்றமாக எழுதப்பட்டது. இப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டதே எத்தனையோ சொல்கிறது. இந்தச் சட்டங்களால் கரை உடனே திறந்துவிடவில்லை. ஆனால் 'இது எங்க ஊரு வழக்கம்' என்று சொன்னவனுக்கு எதிராக 'இது பொது' என்று சொல்ல ஒரு சொல் கிடைத்தது.

எனவே நம் சொற்களை மீட்போம் என்ற கோஷத்தைத் தயக்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மரபான நீர் மேலாண்மை பற்றிய நம் சூழலியல் சொல்லாடல், காலனியம் வந்து கெடுத்த ஒரு இசைவான கிராமத்தைக் கற்பிதம் செய்துகொள்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூல் இந்தக் கற்பிதத்தை விரிவாகக் கேள்வி கேட்கிறது. கண்மாய் எப்போதும் அதிகாரத்தின் களமாகத்தான் இருந்தது, வெட்டிக் கொடுத்தவன் அதனால் ஆளுகிறவன் ஆனான் என்பது அவர் காட்டுவதன் சாரம். 2017இல் தமிழக அரசு 'குடிமராமத்து' என்ற பெயரில் ஏரித் திட்டம் தொடங்கியபோது நம்மில் பலர் பெயருக்காகவே மகிழ்ந்தோம். அந்தக் 'குடி' யார், அதில் காலனிக்காரர் உண்டா என்று நாம் கேட்டோமா?

7

கடைசியாக, டேங்க் திரும்பி வந்த கதை.

இன்று தமிழ்க் கிராமத்தில் போய் 'டேங்க் எங்கே இருக்கு' என்று கேட்டால் யாரும் கண்மாயைக் காட்டமாட்டார்கள். கையை மேலே நீட்டித் தூண்களின் மேல் நிற்கிற சிமெண்டுத் தொட்டியைக் காட்டுவார்கள். அரசாங்கப் பெயர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, ஊரின் பெயர் 'தண்ணி டேங்க்'. ஏரியைக் குறித்த ஆங்கிலச் சொல் ஏரிகள் வற்றியபின் தமிழ்ச் சொல்லாகித் தலைக்கு மேலே ஏறிவிட்டது. இது வந்தபின் ஊருணியைப் பற்றிய கவலை ஊருக்குக் குறைந்தது. குழாயில் நீர் வருகிறது, கரையில் காத்து நிற்க வேண்டியதில்லை என்பது காலனிக்குப் பெரிய விடுதலை. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல கிராமங்களில் ஊருக்கு ஒரு டேங்க், காலனிக்கு ஒரு டேங்க். தூரம், மேடு பள்ளம் என்று எஞ்சினியரிங் காரணம் சொல்லலாம், சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஊருணிக்கரையில் இருந்த கோடு அரசாங்கச் செலவில் குழாயாகப் பதிக்கப்பட்டதும் நடந்தது. பொது என்ற சொல்லைச் சட்டம் கொடுத்தது, சமூகம் அதை இரண்டு தொட்டியாகக் கட்டிக்கொண்டது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களுக்கு நீர் வழங்கிய டேங்க்கில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்று மருத்துவமனைக்குப் போனபிறகுதான் அது வெளியே வந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் அதே ஊரில் இரட்டைக் குவளையையும் கோயிலுக்குள் விடாத வழக்கத்தையும் கண்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில் அவர்கள் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். அந்த மக்களும் பல இயக்கங்களும் அதை ஏற்க மறுத்தார்கள். யார் செய்தது என்பதை இந்தக் கட்டுரை தீர்மானிக்க முடியாது. ஆனால் அந்தச் செய்தி கேட்டதும் தமிழ்நாடு முழுக்கக் காலனிகளில் இருந்தவர்கள் தங்கள் டேங்க்கை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். தனி டேங்க் என்றால் தனியாகக் குறிவைக்கவும் முடியும்.

இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது, செப்டிக் டேங்க். அதற்குள் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதன்பிறகும் இறங்கிச் செத்தவர்கள் எந்தச் சமூகத்தவர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உழைக்க இறங்கலாம், குடிக்க அருகில் வரக்கூடாது என்று கண்மாய்க்கும் ஊருணிக்கும் நடுவே நாம் பார்த்த விதி இங்கே ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

8

அப்படியானால் ஊருணி என்ற சொல்லை விட்டுவிடலாமா? அந்த அம்மாவிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். "எதுக்கு விடணும்? தூரெடுங்க, நல்ல தண்ணி கெடக்கட்டும். எங்க பேத்தி போயி முக்கட்டும். அப்ப ஊருணின்னு சொல்லுங்க" என்றார்.

நடைமுறையில் இதிலிருந்து எனக்குக் கிடைத்தது சின்ன விஷயம்தான். நீர்நிலைகளைக் கணக்கெடுக்கப் போகிறபோது நம் தாளில் பெயர், பரப்பு, சர்வே எண், ஆயக்கட்டு, ஆக்கிரமிப்பு என்று கட்டங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டங்களை ரெவின்யூ பதிவேட்டைப் பார்த்துத்தான் போட்டோம். இன்னும் மூன்று கட்டம் சேர்த்திருக்கிறேன். இதை வெட்டவும் காக்கவும் உழைத்தவர்கள் யார்? இதில் குடித்தவர்கள் யார்? குடிக்க விடப்படாதவர்கள் எங்கே குடித்தார்கள்? மூன்றாவது கேள்வியை ஊருக்குள் கேட்டால் பதில் வராது. கரைக்கு இந்தப் பக்கம் வந்து கேட்க வேண்டும். அங்கே சொல்கிற இடத்துக்குப் பெயர் இல்லை என்றால், 'பெயர் இல்லை' என்றே எழுதிக்கொண்டு வாருங்கள்.